11,680 டாலர் சம்பள பாக்கி: ஏபுஷ் தேர்வை எப்படிப் படிப்பது?

எனக்கு மாதம் 25 டாலர் வீதம் 32 வருடச் சம்பளம். என் மனைவி மேண்டிக்கு வாரம் 2 டாலர் வீதம் 20 வருடச் சம்பளம். ஆக மொத்தம் 11,680 டாலர், அதற்கு வட்டியும் உண்டு. எங்களுக்கு எடுத்துக்கொடுத்த துணிமணிக்கும், எனக்கு மூன்று முறை டாக்டர் வந்ததற்கும், மேண்டிக்கு ஒரு பல் பிடுங்கியதற்கும் ஆன செலவைக் கழித்துக்கொள்ளுங்கள். மீதியை அனுப்பினால், திரும்ப உங்களிடம் வேலைக்கு வருவதைப் பற்றி யோசிக்கிறோம்.

1865 ஆகஸ்டில், ஓஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரிலிருந்து அடிமையாக இருந்து விடுதலைபெற்ற ஜோர்டன் ஆண்டர்சன் என்பவர் டென்னஸியில் இருந்த தன் பழைய எஜமானரான ஒரு கர்னலுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு பகுதியின் சாரம் இது. அமெரிக்காவின் வடக்கு, தெற்கு மாநிலங்களுக்கு இடையே நடந்த உள்நாட்டுப் போர் முடிந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. ஆள் இல்லாமல் தவித்த எஜமானர், "திரும்பி வா, நன்றாக வைத்துக்கொள்கிறேன்" என்று சொல்லியனுப்பியிருந்தார். அதற்குத்தான் இந்தப் பதில்.

என் மகள் பதினோராம் வகுப்பில் ஏபுஷ் என்ற அமெரிக்க வரலாற்றுப் பாடத்தை எடுத்தபோது இந்தக் கடிதம் எங்கள் சாப்பாட்டு மேஜைக்கு வந்தது. படித்துவிட்டு, "அப்பா, இது காமெடி லெட்டரா, சீரியஸா?" என்று கேட்டாள். அந்தத் தேர்வு முழுக்க இந்த ஒரே கேள்வியைத்தான் பல ரூபத்தில் கேட்கிறது என்பது எனக்குப் புரியச் சில மாதங்கள் ஆயின. அதுவரை நான் அவளுக்கு ஜனாதிபதிகளின் வரிசையை மனப்பாடம் செய்யச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். 'குறிப்பு வரைக', 'ஐந்து காரணங்களைக் கூறுக' என்று படித்து வளர்ந்தவனுக்கு வேறு என்ன தெரியும்?

முதலில், ஏபுஷ் என்றால் என்ன? ஏபி (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்) என்பது அமெரிக்காவில் பள்ளியில் படிக்கும்போதே கல்லூரித் தரத்தில் ஒரு பாடத்தைப் படிக்க வைக்கும் திட்டம். காலேஜ் போர்டு என்ற தேர்வு அமைப்பு நடத்துகிறது. அதில் அமெரிக்க வரலாற்றுப் பாடத்தைத்தான் பிள்ளைகள் சுருக்கி ஏபுஷ் என்கிறார்கள். மே மாதம் தேர்வு. மதிப்பெண் 1 முதல் 5 வரை. 3 வாங்கினால் தேறியதாகக் கொள்ளலாம். எந்தக் கல்லூரி எத்தனைக்கு கிரெடிட் தரும் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். 2025-இலிருந்து காகிதம் போய், ப்ளூபுக் என்ற செயலியில் கணினியில்தான் எழுதுகிறார்கள்.

மொத்தம் மூன்றே கால் மணி நேரம், நாலு துண்டு. 55 நிமிடத்தில் 55 கொள்குறி வினாக்கள், இதற்கு 40 சதவீதம். 40 நிமிடத்தில் மூன்று சிறு விடைகள், 20 சதவீதம். அடுத்து டிபிக்யூ, அதாவது ஏழு ஆவணங்களைக் கையில் கொடுத்து அவற்றை வைத்து எழுதச் சொல்லும் கட்டுரை. ஒரு மணி நேரம், 25 சதவீதம். கடைசியாக ஆவணம் எதுவும் இல்லாத நீண்ட கட்டுரை, 40 நிமிடம், 15 சதவீதம். மூன்று கேள்வியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து எழுதலாம். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை, ஆகவே கொள்குறியில் எதையும் காலியாக விடுவது வீண்.

கொள்குறி வினாக்கள் என்றதும் 'இந்தப் போர் நடந்த ஆண்டு எது?' என்ற மாதிரி நினைத்துவிடாதீர்கள். அப்படி ஒரு கேள்விகூட வராது. ஒரு பேச்சின் பகுதி, ஒரு கேலிச்சித்திரம், ஒரு வரைபடம், ஒரு வரலாற்றாசிரியர் எழுதிய பத்தி என்று எதையாவது கொடுப்பார்கள். அதன் கீழே மூன்று நாலு கேள்விகள். இந்தக் கருத்து எதன் விளைவு? எந்த இயக்கத்தைச் சேர்ந்தவர் இதை ஒப்புக்கொள்வார்? பின்னால் வந்த எந்த மாற்றம் இதோடு தொடர்புடையது? ஆவணத்தைப் படிக்காமல் விடை சொல்ல முடியாது. ஆவணத்தை மட்டும் படித்தும் சொல்ல முடியாது. பின்னணி தெரிந்திருக்க வேண்டும்.

அந்தப் பின்னணிதான் பாடம். அதை ஒன்பது காலகட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். 1491–1607, 1607–1754, 1754–1800, 1800–1848, 1844–1877, 1865–1898, 1890–1945, 1945–1980, 1980 முதல் இன்றுவரை. இதை ஒரு காகிதத்தில் எழுதிக் கொஞ்ச நேரம் பாருங்கள். புத்தகத்தைத் திறக்கும் முன்பே இந்த ஆண்டுகள் நிறையச் சொல்லிவிடும்.

ஏன் 1491? கொலம்பஸ் வந்தது 1492. அவர் வருவதற்கு முந்தைய ஆண்டில் பாடத்தைத் தொடங்கியது வேண்டுமென்றே. சோளம் பயிரிட்டவர்களும், ஊர் கட்டி வாழ்ந்தவர்களும், எருமை மந்தையின் பின்னால் போனவர்களும் அங்கே ஏற்கெனவே இருந்தார்கள் என்பதுதான் முதல் பாடம். ஏன் சுதந்திரப் பிரகடனம் வந்த 1776-இல் கோடு போடவில்லை, 1754-இல் போட்டிருக்கிறார்கள்? இதை நான் மகளிடம் கேட்டேன், அவள் ஆசிரியரிடம் கேட்டாள். 1754-இல் பிரெஞ்சுக்காரர்களோடு பிரிட்டனுக்கு வட அமெரிக்காவில் போர் மூண்டது. 1763-இல் பிரிட்டன் ஜெயித்தது, ஆனால் கடனில் மூழ்கியது. கடனை அடைக்க குடியேற்றங்கள்மீது வரி. 1765-இல் முத்திரைத்தாள் வரி, அப்புறம் வேறு வரிகள், 1773-இல் தேயிலைச் சட்டம், அதே டிசம்பரில் பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகள் கடலுக்குள். மறு ஆண்டு பாஸ்டனுக்குத் தண்டனையாகக் கடும் சட்டங்கள். 1775-இல் துப்பாக்கிச் சத்தம். சுதந்திரப் பிரகடனம் இந்தச் சங்கிலியின் நடுவில் ஒரு கண்ணி, அவ்வளவுதான். சங்கிலி 1754-இல் தொடங்குகிறது என்று பாடத்திட்டம் வாதாடுகிறது. காலக்கோடு போடுவதே ஒரு வாதம் என்று புரிந்தால் பாதி ஏபுஷ் புரிந்த மாதிரி.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். சில காலகட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கின்றன. 1844-ம் 1848-ம், 1865-ம் 1877-ம், 1890-ம் 1898-ம். அச்சுப்பிழை இல்லை. போர் முடிந்த 1865-இலிருந்து தெற்கில் ஒரு கதை ஓடுகிறது, அது 1877-இல் முடிகிறது. அதே 1865-இலிருந்து வடக்கிலும் மேற்கிலும் ரயில் பாதை, எஃகு, பெருமுதலாளிகள், தொழிற்சங்கங்கள் என்று வேறொரு கதை தொடங்கிவிடுகிறது. ஒரே ஆண்டு இரண்டு கதையில் வரலாம்.

முதல் காலகட்டத்துக்கும் கடைசிக்கும் தேர்வில் எடை குறைவு, ஒவ்வொன்றும் 4 முதல் 6 சதவீதம். இரண்டாவதற்கு 6 முதல் 8. நடுவில் உள்ள ஆறும் தலா 10 முதல் 17 சதவீதம். டிபிக்யூவும் 1754 முதல் 1980 வரைக்குள்தான் வரும். ஆகஸ்டில் கொலம்பஸைப் படிக்க ஒரு மாதம் எடுத்துக்கொண்டு, ஏப்ரலில் வியட்நாம் போரை இரண்டே நாளில் புரட்டுகிற பிள்ளைகள் நிறைய. என் வீட்டிலும் அதுவே நடந்தது.

இப்போது கடிதத்துக்கு வருவோம். டிபிக்யூவில் இப்படி ஒரு கேள்வி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: 1865 முதல் 1877 வரையான ரீகன்ஸ்ட்ரக்‌ஷன் காலம் (போரில் தோற்ற தெற்கைச் சீரமைத்த காலம்), விடுதலைபெற்ற கறுப்பின மக்களின் வாழ்க்கையை எந்த அளவுக்கு மாற்றியது? ஏழு ஆவணங்களில் ஒன்று ஜோர்டன் ஆண்டர்சனின் கடிதம்.

புதிதாக எழுதும் பிள்ளை என்ன செய்யும்? 'ஆவணம் 3-இல் ஆண்டர்சன் தன் எஜமானரிடம் சம்பளம் கேட்கிறார்' என்று எழுதும். உண்மைதான். ஆனால் ஆவணத்தில் உள்ளதைத் திருப்பிச் சொல்வதோடு நின்றால் கிடைப்பது கொஞ்சம்தான். தேர்வு விரும்புவது, அந்தக் கடிதத்தை நிற்க வைத்துக் குறுக்கு விசாரணை செய்வதை. எழுதியவர் யார்? யாருக்காக? எதற்காக? அப்போது சுற்றி என்ன நடந்துகொண்டிருந்தது? பள்ளிகளில் இதைத்தான் சோர்ஸிங் என்கிறார்கள்.

'யாருக்காக' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். கடிதத்தின் தலைப்பில் எஜமானர் பெயர் இருக்கிறது. ஆனால் அது அதே மாதம் வடக்கு மாநிலச் செய்தித்தாள்களில் அச்சானது. ஆண்டர்சன் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதியது. அப்படியானால் உண்மையான வாசகர் யார்? டென்னஸியில் உட்கார்ந்திருந்த கர்னலா, காலைச் சாப்பாட்டோடு பேப்பர் படித்த வடக்கத்தியரா? பல் பிடுங்கிய செலவைக் கழித்துக்கொள்ளச் சொல்லும் அந்த மரியாதைக்குள் இருக்கும் கிண்டலைக் கர்னலைவிட நன்றாகப் புரிந்துகொண்டு சிரித்திருப்பவர்கள் அந்த வாசகர்கள். கடிதத்தின் கடைசி வரியில் ஜார்ஜ் கார்ட்டர் என்பவருக்கு வணக்கமும் நன்றியும் சொல்லச் சொல்கிறார். எதற்காம்? கர்னல் தன்னைச் சுட்டபோது அவர் கையிலிருந்து துப்பாக்கியைப் பிடுங்கியதற்காக! மகள் கேட்ட கேள்விக்கு விடை இதுதான். காமெடியும்தான், சீரியஸும்தான். கிண்டல் என்பது இங்கே ஒரு வாதம். அடிமை முறை என்பது திருடப்பட்ட கூலி என்பதை அடிதடி இல்லாமல், கூட்டல் கணக்கில் நிரூபிக்கிறார்.

இதை டிபிக்யூவில் எழுதும்போது இரண்டு வரி போதும். இப்படி: 'எஜமானருக்கு எழுதியதுபோல் இருந்தாலும், இந்தக் கடிதம் வடக்கு நாளிதழ் வாசகர்களைச் சென்றடைந்தது. சம்பளக் கணக்கை முன்வைப்பதன் மூலம், விடுதலை என்பது சங்கிலியை அவிழ்ப்பது மட்டுமல்ல, உழைப்புக்கு விலை கேட்கும் உரிமையும்தான் என்று அது அந்த வாசகர்களை நம்பவைக்க முயல்கிறது.' இரண்டாவது வாக்கியத்தைக் கவனியுங்கள். யாருக்கு எழுதினார் என்று சொல்லிவிட்டு நிறுத்தவில்லை. அதனால் என்ன என்பதையும் சொல்கிறது. பெரும்பாலான பிள்ளைகள் புள்ளியை இழப்பது இந்த 'அதனால் என்ன' இல்லாததால்தான்.

டிபிக்யூவுக்கு ஏழு புள்ளிகள். தீஸிஸ், அதாவது கட்டுரையின் மைய வாதத்துக்கு ஒன்று, பின்னணிக்கு ஒன்று. ஆவணங்களைப் பயன்படுத்துவதற்கு இரண்டு: மூன்று ஆவணங்களின் உள்ளடக்கத்தைச் சொன்னால் ஒன்று, நாலு ஆவணங்களை வாதத்துக்குத் துணையாக நிறுத்தினால் இரண்டு. ஆவணங்களில் இல்லாத சான்று ஒன்றைக் கொண்டுவந்தால் இன்னொரு புள்ளி. இரண்டு ஆவணங்களுக்காவது, முன்பு சொன்ன மாதிரி, சோர்ஸிங் செய்தால் ஒன்று. கடைசிப் புள்ளி, விஷயத்தின் சிக்கலைக் கண்டுகொண்டதற்கு. கடைசியை நினைத்து மாய்ந்துபோக வேண்டாம். முதல் ஆறும் உழைத்தால் வருபவை.

தீஸிஸ் என்பது கட்டுரையின் நெஞ்சு. ஒரு வாக்கியம், அல்லது இரண்டு. 'ரீகன்ஸ்ட்ரக்‌ஷன் காலத்தில் பல மாற்றங்கள் நடந்தன, ஆனால் சில விஷயங்கள் மாறவில்லை.' என் மகள் எழுதிய முதல் தீஸிஸ் இது. இதில் தப்பு எதுவும் இல்லை, சரி என்று சொல்லவும் எதுவும் இல்லை. 'ரீகன்ஸ்ட்ரக்‌ஷன்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'சோழர்' என்று போட்டாலும் வாக்கியம் நிற்கும். அதுதான் கோளாறு.

திருத்திய பிறகு இப்படி ஆனது: 'அரசியல் சட்டத் திருத்தங்கள் விடுதலைபெற்றவர்களுக்குக் குடியுரிமையையும், அவர்களில் ஆண்களுக்கு வாக்குரிமையையும் தந்தாலும், நிலம் அவர்கள் கைக்கு வராததாலும் வன்முறையை அடக்குவதில் வடக்கின் அக்கறை தேய்ந்ததாலும், தெற்கில் அன்றாட வாழ்க்கை பெரும்பாலும் பழைய எஜமானர்களின் பிடியிலேயே தொடர்ந்தது.' இதை ஒருவர் மறுக்கலாம். 1870-இல் மிஸிஸிப்பியிலிருந்து ஹைரம் ரெவல்ஸ் செனட்டுக்குப் போன முதல் கறுப்பினத்தவர் ஆனாரே, பள்ளிகள் திறந்தனவே என்று வாதாடலாம். மறுக்க இடம் இருந்தால்தான் அது தீஸிஸ். அந்த மறுப்பை நாமே கட்டுரைக்குள் கொண்டுவந்து பதில் சொன்னால், கடைசிப் புள்ளிக்கும் வழி திறக்கும்.

இந்த ஒரு வாக்கியமே கட்டுரையின் பத்திகளையும் பிரித்துக் கொடுத்துவிடுகிறது. சட்டம் ஒரு பத்தி. அடிமை முறையை ஒழித்த 13-ஆம் திருத்தம் 1865, குடியுரிமை தந்த 14-ஆவது 1868, வாக்குரிமை தந்த 15-ஆவது 1870. நிலம் ஒரு பத்தி. இங்கேதான் ஆவணத்தில் இல்லாத சான்று வந்து உட்காரும். 1865 ஜனவரியில் வடக்குப் படையின் ஜெனரல் ஷெர்மன், ஜார்ஜியா, தென் கரோலினா கடலோர நிலங்களை விடுதலைபெற்றவர்களுக்குக் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை பிரித்துக் கொடுக்க ஆணையிட்டார். லிங்கன் கொல்லப்பட்ட பின் வந்த ஆண்ட்ரூ ஜான்சன் அதே ஆண்டில் அதில் பெரும்பகுதியைப் பழைய சொந்தக்காரர்களுக்கே திருப்பிக் கொடுக்க வைத்தார். நிலம் இல்லாதவன் வாரத்துக்குப் பயிர் செய்யப் போனான். விதைக்கும் மளிகைக்கும் வாங்கிய கடன், அறுவடையில் பங்கு கொடுத்த பிறகும் தீராமல் அடுத்த ஆண்டுக்குப் போனது. குத்தகை, வாரம், கடன் என்றால் என்னவென்று நம்மூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மகளுக்குத்தான் நான் விளக்க வேண்டியிருந்தது. மூன்றாவது பத்தி வன்முறையும் வடக்கின் சலிப்பும். கறுப்பினத்தவரைத் தாக்கிய கூ க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பல், அதை அடக்க 1870, 1871-இல் வந்த சட்டங்கள், பின் 1877-இல் ஹேய்ஸ் ஜனாதிபதியானதோடு தெற்கில் எஞ்சியிருந்த மத்தியப் படை அரசியலிலிருந்து விலகிக்கொண்டது.

பின்னணிப் புள்ளிக்கு, கேள்வி தொடங்கும் ஆண்டுக்கு முன்னால் என்ன நடந்தது என்று மூன்று நாலு வரி எழுத வேண்டும். 1860 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 40 லட்சம் பேர் அடிமைகளாக இருந்தார்கள், 1863-இல் லிங்கனின் விடுதலைப் பிரகடனம், போரில் வடக்கின் பக்கம் கறுப்பின வீரர்கள் சண்டையிட்டது. இது போதும். முதல் பயிற்சியில் என் மகள் பின்னணியைக் கொலம்பஸிலிருந்து தொடங்கி இருபது நிமிடத்தை அதற்கே கொடுத்துவிட்டாள். அந்தத் தப்பைச் செய்யாத பிள்ளை இல்லை என்று அவள் ஆசிரியர் சிரித்தாராம்.

ஆவணம் இல்லாத நீண்ட கட்டுரைக்கும் இதே முறைதான், ஆறு புள்ளிகள். சான்று எல்லாம் உங்கள் தலையிலிருந்து வர வேண்டும், அது ஒன்றே வித்தியாசம். சிறு விடைகளுக்குத் தீஸிஸ், முன்னுரை எதுவும் வேண்டாம். அ, ஆ, இ என்று மூன்று பகுதி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வாக்கியத்தில் நேராக விடை.

படிக்கும்போது என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு: ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும் தேதிப் பட்டியல் எழுதாதீர்கள். இது எதனால் வந்தது, எதைக் கொண்டுவந்தது, எது மாறியது, எது மாறாமலேயே இருந்தது என்று நாலு வரி எழுதுங்கள். காரண காரியம், ஒப்பீடு, மாற்றமும் தொடர்ச்சியும் ஆகிய இந்த மூன்று கோணத்தில்தான் கட்டுரைக் கேள்விகள் எல்லாம் வரும். பெயர்கள் மனதில் நிற்க, தெரிந்த எதனோடாவது முடிச்சுப் போடுங்கள். 1781-இல் அமெரிக்க விடுதலைப் போரில் யார்க்டவுனில் வாஷிங்டனிடம் சரணடைந்த பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ். அதே ஆள் பிறகு இந்தியாவுக்கு கவர்னர் ஜெனரலாக வந்து, 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து திண்டுக்கல்லையும் பாராமகாலையும் எழுதி வாங்கிக்கொண்டு, அவருடைய இரண்டு பிள்ளைகளைப் பிணையாகப் பிடித்துப் போனார். அவருடைய சிலை இன்றும் சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் நிற்கிறது. இது தேர்வுக்கு வராது. ஆனால் கோடை விடுமுறையில் சென்னைக்கு வந்து அந்தச் சிலையைப் பார்த்த பிறகு மகள் யார்க்டவுனை மறக்கவே இல்லை.

அதேபோல, 1965-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் பாடத்தில் வரும்போது கொஞ்சம் நின்று படிக்கச் சொல்லுங்கள். 1924-இல் நாட்டுக்கு நாடு ஒதுக்கீடு வைத்து ஆசியர்களுக்கு ஏறக்குறைய கதவைச் சாத்திய முறையை அது எடுத்துவிட்டது. நியூஜெர்சியிலும் டெக்ஸஸிலும் இன்று ஏபுஷ் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் அங்கே இருப்பதற்கு அந்தச் சட்டம் ஒரு காரணம். கட்டுரையில் சொந்தக் கதை எழுதக் கூடாது. ஆனால் 1924-க்கும் 1965-க்கும் நடுவே என்ன மாறியது என்ற கேள்வி வந்தால், அந்தப் பிள்ளைக்கு அது வெறும் ஆண்டாக இருக்காது.

பயிற்சிக்குக் காசு கொடுத்து எதையும் வாங்கும் முன், காலேஜ் போர்டின் தளத்தில் முந்தைய ஆண்டுகளின் கட்டுரை வினாக்களும், மாணவர்கள் எழுதிய மாதிரி விடைகளும், அவற்றுக்கு ஏன் அந்தப் புள்ளி கிடைத்தது என்ற விளக்கமும் இலவசமாக இருக்கின்றன என்பதைப் பாருங்கள். பிள்ளைக்குக் கொடுக்கும் முன் நீங்களே ஒரு மாதிரி விடையைப் படித்துப் புள்ளி போட்டுப் பாருங்கள். பிறகு விளக்கத்தைத் திறந்து ஒப்பிடுங்கள். நான் முதலில் ஏழுக்கு ஆறு போட்ட ஒரு கட்டுரைக்கு அவர்கள் மூன்றுதான் போட்டிருந்தார்கள். நல்ல கையெழுத்துக்கும் அழகான முன்னுரைக்கும் மயங்கிவிட்டேன்.

பிப்ரவரிக்கு மேல் வாரம் ஒரு டிபிக்யூ, கடிகாரத்தை வைத்து, கணினியில் தட்டச்சு செய்து. முதல் 15 நிமிடம் தட்டவே கூடாது. ஏழு ஆவணங்களையும் படித்து, வெள்ளைத்தாளில் இரண்டு மூன்று குவியலாகப் பிரித்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'யார், யாருக்கு' என்று இரண்டு சொல் எழுதிக்கொள்ள வேண்டும். ஆண்டர்சன் கடிதத்தின் பக்கத்தில் என் மகள் எழுதியது: 'பேர் கர்னலுக்கு, ஊர் பேப்பருக்கு.'